டி.பி. பெட்டிக்கு லேபிள்: எந்தப் பிரிண்டர், எந்த டேப்?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தொடர்மாடி. மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீடு. "தம்பி, ஃப்ரிட்ஜுக்கு எது என்று ஒருக்காச் சொல்லுங்கோ" என்று வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியைத் திறந்து காட்டினார். பன்னிரண்டு பிரேக்கர்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு வெள்ளைத் துண்டு, கோடு பிடித்ததுபோல நேராக ஒட்டியிருந்தது. எதிலும் ஒரு எழுத்துக்கூட இல்லை.

அதை ஒட்டியவன் நான்தான். எட்டு மாதத்துக்கு முன்னர் புதுப் பெட்டி பூட்டிக் கொடுத்தபோது, போனோடு புளூடூத்தில் சேரும் ஒரு சின்னப் பிரிண்டரில் அடித்து ஒட்டினேன். அன்றைக்குப் பார்க்க அச்சுப்புத்தகம் போல இருந்தது.

அதன் பிறகுதான் நானும் கூட வேலை செய்யும் மச்சானும் உட்கார்ந்து, வயரிங் வேலைக்கு உருப்படியாக ஒரு லேபிள் பிரிண்டர் வாங்குவோம் என்று கணக்குப் பார்த்தோம். எங்களுடையது சின்னக் குழு: நாங்கள் இருவர், உதவிக்கு ஒரு பொடியன். மாதத்தில் நாலைந்து வீடு, எப்போதாவது ஒரு கடை அல்லது சின்ன ஒஃபிஸ். அந்த அளவுக்கு எது சரிவரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய பனல் கட்டுகிறவர்களின் கணக்கு வேறு. அதையும் தொட்டுச் செல்கிறேன்.

முதலில் அந்த வெள்ளைத் துண்டுகள். போன் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றில் மையும் இல்லை, ரிப்பனும் இல்லை. லேபிளின் மேல் பூசியிருக்கும் இரசாயனம் சூடுபட்ட இடத்தில் கறுக்கும், அவ்வளவுதான். சூப்பர்மார்க்கெட் பில்லும் அதே சாதி. ஒரு பில்லைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தவர்களுக்கு மிச்சக் கதை தெரியும். பி.வி.சி.யை வளைந்து கொடுக்க வைப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய்ப்பொருள் மெல்ல வெளியே கசிந்து அந்த எழுத்தைத் தின்றுவிடும். வயரின் இன்சுலேஷனும் பி.வி.சி.தானே. வெயில் எழுத்தை வெளிறச் செய்யும். கடுஞ்சூடு பட்டால் துண்டு முழுதும் கறுத்துவிடும். டீச்சர் வீட்டுப் பெட்டி மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கடல் பக்க வெயில் முழுதும் அதன் முகத்தில்தான். குற்றம் பிரிண்டரில் இல்லை; பில் அடிக்கிற சாமானை டி.பி. பெட்டியில் ஒட்டிய என்னில்தான்.

மேலே பாதுகாப்புப் பூச்சுப் போட்ட பிளாஸ்டிக் ரோல்களும் இந்தப் பிரிண்டர்களுக்குக் கிடைக்கின்றன. அவை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் எழுத்து வருகிற வழி அதேதான். ஆகவே பெட்டிக்கும் வயருக்கும் வேண்டாம். அதற்காக எறிந்துவிடவும் இல்லை: ஸ்க்ரூ டப்பா, லக் டப்பா, வேனில் உள்ள வயர் ரோல் எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் அதுதான். இன்னொரு நல்ல பக்கமும் உண்டு, தமிழ் எழுத்து. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது கையில் பிடித்து அடிக்கிற, கீபோர்ட் உள்ள வகை. எங்களிடம் இப்போது இருப்பது இதுதான். பிரதர் நிறுவனத்தின் பி-டச் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போடும் டி.இசட்.இ. கெசட்டின் வேலைப்பாட்டை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். எழுத்து டேப்பின் மேல் அச்சாவதில்லை. ஒரு தெளிந்த படலத்தின் அடிப்பக்கத்தில், கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறி அச்சாகிறது. பிறகு அந்தப் படலம் நிற டேப்பின் மேல் ஒட்டப்பட்டு வெளியே வருகிறது. எழுத்து இரண்டு தட்டுக்கு நடுவே இருக்கிறது. விரலால் தேய்த்தாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் அதைத் தொட முடியாது. சமையலறை எண்ணெய்ப் படிவு உள்ள பெட்டியில் இது பெரிய விஷயம்.

ஆனால் இதே படலந்தான் வயரில் காலை வாரும். வெறும் லெமினேட் டேப் விறைப்பானது. 7/0.67 வயரை, அதாவது 2.5 சதுர மி.மீ. வயரை, எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலேஷனோடு விட்டம் 4 மி.மீ. அளவுதான், சுற்றளவு 12 மி.மீ. சொச்சம். அதைச் சுற்றி இந்த டேப்பை ஒட்டினால் அன்று பின்னேரமே ஓரம் எழும்பி நிற்கும். வளைந்து கொடுக்கும் தனி ரகம் ஒன்று இருக்கிறது, கெசட்டில் எஃப்.எக்ஸ். என்று குறித்திருக்கும். வயருக்கு அதைத்தான் போட வேண்டும். பெட்டியின் மூடி சொரசொரப்பான பெயின்ட் என்றால் பசை கூடிய எஸ். ரகம். ஆக ஒரே பிரிண்டருக்கு இரண்டு மூன்று கெசட் வைத்திருக்க வேண்டியிருக்கும். கடைக்காரர் "இது ஒன்று போதும், எல்லாத்திலயும் ஒட்டும்" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

மெல்லிய வயருக்குச் சுற்றி ஒட்டுவதைவிடக் கொடி போல ஒட்டுவது நல்லது. நடுப்பகுதி வயரைச் சுற்றும். இரண்டு முனையும் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும். ஒரே எழுத்து இரண்டு பக்கமும் தெரியும். கொடி 15 மி.மீ. என்றால் மொத்த நீளம் 15, 15, அதோடு சுற்றளவு 12 சொச்சம்: 43 மி.மீ. அளவு. நெருக்கமான பெட்டிக்குள் கொடிகள் ஒன்றோடொன்று சிக்கும், மூடியை மூடும்போது மடங்கும். அங்கே சுற்றி ஒட்டுவதுதான் வழி. அப்போது ஒரே எழுத்தை இரண்டு மூன்று வரியாக அடித்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசிக்கலாம். எலக்ட்ரிஷியன் வேலைக்கென்று வரும் மாதிரிகளில் இதற்குத் தனி பட்டனே உண்டு. வீட்டுப் பாவனை மாதிரிகளில் நாமே இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். விலையில் கொஞ்சம் கூடினாலும் அந்த பட்டனுக்குக் கொடுக்கலாம்.

செலவு எங்கே போகிறது என்று பார்ப்போம். கெசட் ஒன்றில் 8 மீட்டர் டேப். அச்சடிக்கும் தலைக்கும் கத்திக்கும் நடுவே தூரம் இருப்பதால், ஒவ்வொரு லேபிளின் முன்னாலும் சுமார் 25 மி.மீ. வெறும் டேப் வெளியே வந்து விழும். 30 மி.மீ. லேபிளைத் தனித்தனியாக அடித்தால் ஒன்றுக்கு 55 மி.மீ. போகிறது, கெசட்டில் 145 லேபிள். அதே லேபிள்களைத் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக 4 மி.மீ. இடைவெளியில் அடித்தால் 235. எங்கள் பொடியன் முதல் கெசட்டை ஒவ்வொன்றாகவே அடித்து முடித்தான். தரையில் கிடந்த வெள்ளைத் துண்டுகளைக் கூட்டி மச்சான் அவன் கையிலேயே கொடுத்தான்: "இந்தா, உன்ர சம்பளத்தில பாதி." இப்போது வீட்டுக்கு வரமுதலே பட்டியல் எழுதி, ஒரே ஓட்டமாக அடிக்கிறோம்.

பிரேக்கர் வரிசைக்கு ஒரே நீளப் பட்டியாக அடிப்பது அழகாக இருக்கும். ஆனால் முதலில் அளந்து பாருங்கள். ஒரு பிரேக்கரின் அகலம் 18 மி.மீ. என்பார்கள். சிலது 17.5. அரை மி.மீ.தானே என்று விட்டால், பன்னிரண்டாவது பிரேக்கரில் எழுத்து 6 மி.மீ. தள்ளி நிற்கும், கிட்டத்தட்டப் பக்கத்து வீட்டில்.

மாதிரிகளில், 12 மி.மீ. வரை டேப் எடுக்கும் சின்னது வீட்டு வேலைக்குப் போதும். பிடி-இ550டபிள்யூ போன்றது 24 மி.மீ. வரை எடுக்கும், வைஃபை உண்டு, கத்தி தானாக வெட்டும். மேல்தட்டை மட்டும் வெட்டி அடித்தாளை விட்டுவைக்கும் அரைவெட்டும் உண்டு. ஐம்பது லேபிள் ஒரே பட்டியாக வந்து, ஸ்டிக்கர் போல ஒன்றொன்றாக உரித்து ஒட்டும்போது அந்த அரைவெட்டின் அருமை தெரியும். நகத்தால் முனையைச் சுரண்டிக்கொண்டு ஏணியில் நிற்கிற நேரம் மிச்சம்.

டைமோவின் ரைனோ வரிசையையும் பார்த்தோம். வேலைத்தளத்துக்கென்றே செய்தது, பிடிக்க நல்ல கனமாக இருக்கிறது. வயர், கொடி, பிரேக்கர் என்று நேரடியாக அழுத்த பட்டன்கள். அதன் வினைல், நைலோன் டேப்புகளில் மேல் படலம் இல்லை. மை ரிப்பனிலிருந்து நேரே டேப்பில் ஏறுகிறது. அதனால் மெல்லிசாக, வயரில் நன்றாகப் படியும். வளையும் நைலோன் டேப் வயருக்கு நல்ல தெரிவு. ஆனால் கெசட்டில் அந்த நைலோன் 3.5 மீட்டர்தான், வினைல் 5.5 மீட்டர். 8 மீட்டரோடு ஒப்பிட்டுத்தான் விலையைப் பார்க்க வேண்டும். எழுத்து வெளியே இருப்பதால் எண்ணெய்க் கை, ஸ்பிரிட் என்று போட்டுத் தேய்க்கிற இடங்களில் எனக்கு லெமினேட்டில்தான் நம்பிக்கை. வயர் வேலை கூட, பெட்டி வேலை குறைவு என்றால் நான் ரைனோ பக்கம் சாய்ந்திருப்பேன். அப்புறம் ஒன்று: அதே நிறுவனத்தின் லெட்ராடேக் என்ற சின்ன வகை, நான் முன்னர் சொன்ன சூட்டில் கறுக்கும் சாதி. பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று எண்ணி வாங்கிவிட வேண்டாம்.

ஹீட் ஷ்ரிங்க் குழாயில், அதாவது சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கிப் பிடிக்கும் குழாயில், அச்சடிப்பது இதையெல்லாம்விட உறுதி. அதற்குமேல் ஓரம் எழும்புகிற பேச்சே இல்லை. பிரதரில் 8.8 மி.மீ. குழாய் 2.6 முதல் 5.1 மி.மீ. விட்டமுள்ள வயருக்குப் பொருந்தும், ஆகவே 7/0.67 வயருக்கு அதுதான். சின்ன 5.8 மி.மீ. குழாய் 3.2 மி.மீ. விட்டத்தோடு நின்றுவிடும். ஆனால் கெசட்டில் 1.5 மீட்டர்தான் இருக்கிறது. 25 மி.மீ. துண்டாகத் தொடராக அடித்தால் 60, தனித்தனியாக அடித்தால் 30. விலையும் டேப்பைவிடக் கூட. எல்லாவற்றையும்விட, வயரைப் பூட்டமுதல் குழாயை ஏற்ற வேண்டும். ஏற்கனவே பூட்டிய பெட்டிக்கு லேபிள் போடப் போகிறவருக்கு இது உதவாது. பிரேக்கர் பிரேக்கராகக் கழற்றினால்தான் உண்டு. புது வேலையில், மெயின் லைனுக்கும் ஜெனரேட்டர் லைனுக்கும் மட்டும் போடுகிறோம்.

பனல் கட்டுகிறவர்களுக்கு மேசையில் வைக்கும் குழாய் பிரிண்டர் இருக்கிறது. ஜப்பானின் மேக்ஸ் நிறுவனத்தின் லெட்டாட்வின் பேர்போனது. சீனத் தயாரிப்புகளும் வந்திருக்கின்றன. நீளமான பி.வி.சி. குழாய்ச் சுருளிலேயே எண்ணை அடித்து அரைவெட்டாகத் தள்ளும். கொன்ட்ரோல் வயர் முந்நூறு நானூறு உள்ள பனலுக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அது ஒரு வீட்டுக்கு லொறி பிடித்துக் கதிரை கொண்டுபோவது மாதிரி.

இனி பழைய எண் வளையங்கள். மஞ்சளில் கறுப்பு எண், வயரில் ஏற்றுவது. மச்சான் இதன் கட்சி. பற்றரி வேண்டாம், கெசட் வேண்டாம், இருபது வருடத்துக்கு எண் போகாது. 2022இல் டொலர் இல்லாமல் போன காலத்தில், லேபிள் ரோல் தேடி நான் கடை கடையாக அலைந்தபோது அவன் பொக்கெட்டிலிருந்து வளையத்தை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 6ஐயும் 9ஐயும் தலைகீழாக மாட்டினால் யாருக்கும் தெரியாது. அடியில் கோடிட்ட வளையமா என்று பார்த்து வாங்க வேண்டும். பெயர் எழுத வழியும் இல்லை. வயருக்கு வளையம், பெட்டிக்கு டேப் என்று இருவரும் சமாதானமானோம்.

பிரிண்டரை விட்டுவிட்டு, கொழும்பில் லேபிள் எங்கே கட்டாயம் என்று சொல்ல வேண்டும். இங்கே நாங்கள் வயரிங்குக்குக் கைக்கொள்வது பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய வயரிங் விதித்தொகுப்பு. பிரித்தானியா வயர் நிறத்தை மாற்றியது 2004இல். 2006 ஏப்ரலிலிருந்து புதிய நிறம்தான் அங்கே கட்டாயம். பழைய கொழும்பு வீடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். புதிய முறையில் மண்ணிறம், கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல். கவனியுங்கள்: பழையதில் நியூட்ரலாக இருந்த கறுப்பு புதியதில் ஃபேஸ், பழையதில் ஃபேஸாக இருந்த நீலம் புதியதில் நியூட்ரல். மேல்மாடி கட்டி இணைத்த வீட்டில் இரண்டும் ஒரே பெட்டியில் சந்திக்கும். அந்த இணைப்பில் ஒவ்வொரு வயருக்கும் இது எந்த ஃபேஸ், இது நியூட்ரல் என்று லேபிள் இல்லாமல் மூடியை மூடக்கூடாது. லேபிள் இருந்தாலும் டெஸ்டர் வைக்காமல் கை வைக்கவும் கூடாது.

மற்றது இரட்டைச் சப்ளை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்ததோடு இன்வேர்ட்டர், ஜெனரேட்டர் என்று ஆளுக்கொன்று பூட்டினார்கள். கூரையில் சோலாரும் ஏறியது. மெயினை விழுத்தினால் வீடு செத்துவிட்டது என்று நினைத்துக் கை வைக்கிற எலக்ட்ரிஷியனுக்கு அந்தப் பெட்டி பொறி. "இரண்டு சப்ளை, இரண்டையும் நிறுத்தவும்" என்ற லேபிள் பெட்டியின் வெளிமூடியிலேயே, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கு 18 அல்லது 24 மி.மீ. டேப் வேண்டும், சின்னப் பிரிண்டர் வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். மஞ்சளில் கறுப்பு எழுத்தாக அடியுங்கள். சிவப்பு எழுத்து எச்சரிக்கையாகத் தெரியும் என்று நினைப்போம். ஆனால் வெயிலில் முதலில் வெளிறுவது சிவப்பு. காலி வீதிக் கடைப் பலகைகளைப் பார்த்தாலே தெரியும்.

ட்ரிப் சுவிட்சுக்கு ஒரு சின்ன லேபிள்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தவும். முன்னர் மூன்று மாதம் என்றிருந்ததை 2018இல் வந்த பி.எஸ். 7671இன் 18ஆம் பதிப்பு ஆறு மாதமாக்கியது. பழைய வாசகத்தையே இன்னும் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடிக்கடி அழுத்தினால் கேடு ஒன்றுமில்லை, விடுங்கள்.

மொழி விஷயம். டீச்சருக்குத் தமிழ் வேண்டும். வீட்டில் உதவிக்கு வரும் அக்காவுக்குச் சிங்களம். நாளைக்குத் திருத்த வருகிறவர் யாரென்று தெரியாது. கீபோர்ட் உள்ள கைப் பிரிண்டரில் நேரே தமிழ் அடிக்க முடியாது. கம்ப்யூட்டரில் இணைக்கும் மாதிரி என்றால் தமிழ் எழுத்துருவில் அடிக்கலாம். போன் பிரிண்டர் இதில் வெகு சுலபம். ஆனால் 12 மி.மீ. டேப்பில் அச்சாகும் உயரம் சுமார் 10 மி.மீ.தான். தமிழும் சிங்களமும் இரண்டு வரியாகப் போட்டால் மேற்சுழியும் கீழ்க்காலும் நெருங்கி, கண்ணாடி போட்ட டீச்சருக்கு "கு"வும் "கூ"வும் ஒன்றுதான். பல வீடுகளில் அடிபட்ட பிறகு நாங்கள் கண்ட வழி: பிரேக்கருக்கு மேலே பெரிய எண் மட்டும். பெட்டிக் கதவின் உட்புறத்தில் மூன்று மொழியிலும் ஒரு அட்டவணை, ஏ4 தாளில் கம்ப்யூட்டரில் அடித்து, லெமினேட் பண்ணி ஒட்டுவது. எண் எல்லோருக்கும் பொது. அறை மாறினால், ஏசி இடம் மாறினால், தாளை மட்டும் மாற்றலாம். இதைச் செய்யத் தொடங்கியதும் 24 மி.மீ. பிரிண்டர் வேண்டும் என்ற என் ஆசை பாதியாகக் குறைந்தது.

வாங்குவதென்றால், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் பிரிண்டரைக் காட்டுவார்கள். நீங்கள் முதலில் கெசட்டைக் கேளுங்கள். இந்த அகலம், இந்த ரகம் இப்போது கையில் இருக்கிறதா, இல்லை சொல்லி எடுக்க வேண்டுமா? எஃப்.எக்ஸ். ரகம் இல்லாத கடையில் பிரிண்டர் மலிவு என்று வாங்கி என்ன செய்ய? வேறு நிறுவனங்கள் செய்த, பொருந்தும் கெசட்டுகள் விலை குறைவு. பி-டச் கெசட்டைப் பெட்டியில் உள்ள துளைகளை வைத்தே இயந்திரம் அடையாளம் காண்கிறது, அதனால் அவை ஓடும். சில போன் பிரிண்டர்கள் ரோலில் உள்ள சிப்பை வாசிக்கும். வேறு ரோலை ஏற்காது. மலிவு கெசட்டில் பயம் பசையில்தான். ஒன்று வாங்கி, வயர்த் துண்டில் சுற்றி ஒட்டி, வேனின் டேஷ்போர்ட்டில் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். நாங்கள் சோதித்த மூன்றில் ஒன்று தேறியது.

ஒட்டுகிற முறையில் சொல்ல அதிகமில்லை. கடல் பக்க வீடுகளில் மூடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிவு இருக்கும். ஃபார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, பிறகு ஒட்டி, பெருவிரலால் ஒருமுறை அழுத்தித் தேயுங்கள். மூலைகளைக் கத்தரியால் கொஞ்சம் வட்டமாக்கினால் எழும்பாது. பசை முழுதாகப் பிடிக்க ஒரு நாள் எடுக்கும். அன்றைக்கே உரித்து உரித்துப் பார்க்க வேண்டாம்.

கடைசியில் நாங்கள் வாங்கியது 12 மி.மீ. எடுக்கும் கைப் பிரிண்டர், எஃப்.எக்ஸ். கெசட் இரண்டு, எஸ். ரகம் ஒன்று. பெரிய எச்சரிக்கை லேபிள்களைத் தெரிந்த ஒருவரின் 24 மி.மீ. பிரிண்டரில் அடித்து வாங்குகிறோம்.

முதல் வேலையாக டீச்சர் வீட்டுக்குப் போனோம், காசில்லாமல். பழைய பட்டியல் எங்கேயோ போய்விட்டதால் ஒவ்வொரு பிரேக்கராக விழுத்தி, எது நிற்கிறது என்று பொடியன் அறை அறையாக ஓடிப் பார்த்தான். 7ஆம் எண்ணை விழுத்தியபோது வீட்டில் ஒன்றும் நிற்கவில்லை. லைட், ஃபேன், பிளக் எல்லாம் சரி. எட்டு மாதத்துக்கு முன்னர் அதற்குப் பொதுவாக "பிளக்" என்று அடித்து விட்டிருக்கிறேன் போல. வெளியே போய்ப் பார்த்த பொடியன் சிரித்துக்கொண்டு வந்தான்: மூன்றாம் மாடியிலிருந்து நான்காம் மாடி வரை படிக்கட்டு லைட் முழுக்க இருட்டு.

அட்டவணையில் "7: படிக்கட்டு லைட்" என்று மூன்று மொழியிலும் அடித்து டீச்சரிடம் நீட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார்.

"அப்ப தம்பி, இவ்வளவு வருஷமா அந்த பில்லையும் நானோ கட்டினனான்?"